புழுங்கல் அரிசியும் நரம்பு நோயும்: மலாயா கண்ட மருத்துவ வரலாறு

பாதம் எரிகிறது, கால் மரத்துப் போகிறது, இரவில் ஊசி குத்துவது போல் வலித்து உறக்கம் கெடுகிறது என்று முறையிடுவோர் இன்று எல்லா ஊர்களிலும் உளர். அவர்களுள் பலர்க்கு நீரிழிவே காரணம். மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். மாத்திரையின்றி இவ்வலியை ஆற்றிக்கொள்ள வழியுண்டா என்னும் கேள்வியும் உடன் எழுகிறது. எல்லா நரம்பு வலிக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. ஆயினும், உணவே மருந்து என்று ஐயமின்றிக் கூறத்தக்க நரம்பு நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் பெரிபெரி. அந்நோயின் காரணம் தெளிவாக்கப்பட்ட இடங்களுள் மலாயா தலையாயது. அத்தெளிவுக்கு வழிகாட்டியது இந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளி உண்ட புழுங்கல் அரிசி. தமிழ்ப் பள்ளி மாணவர் அறிந்திருக்க வேண்டிய இவ்வரலாற்றைத் தமிழில் எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

பெரிபெரி நோய் காலில் தொடங்கும். முதலில் கெண்டைக்கால் கனக்கும், அழுத்தினால் வலிக்கும். பின் பாதத்தில் எரிவும் மதமதப்பும் தோன்றும். நாளடைவில் பாதம் தொங்கிப்போக, நோயாளி காலை உயரத் தூக்கி வைத்து நடப்பான், கைகளும் வலுவிழக்கும். இஃது உலர்ந்த வகை. மற்றொரு வகையில் உடல் நீர்கோத்து வீங்கும். இதயம் தளர்ந்து, நேற்று வரை நடமாடியவன் இன்று மூச்சுத் திணறி இறப்பான். சீனர் இதனைக் கால் நோய் என்னும் பொருள்படும் பெயரால் பழங்காலத்திலேயே குறித்தனர். சப்பானியர் அப்பெயரையே 'கக்கே' என வழங்கினர். பத்தாவியாவில் வாழ்ந்த டச்சு மருத்துவர் போண்டியஸ் இந்நோயைப் பற்றி எழுதிய நூல் அவர் இறந்த பின்னர் 1642ஆம் ஆண்டில் அச்சேறியது. சென்னை மாகாணத்திலும் இந்நோய் அறியப்பட்டிருந்தது. ஜான் கிரான்ட் மால்கம்சன் என்னும் மருத்துவர் எழுதிய பெரிபெரி பற்றிய நூல் 1835ஆம் ஆண்டில் சென்னையிலேயே வெளிவந்தது.

நோய் பழையதே. எனினும் அது கொள்ளை நோய் போல் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் அக்காலத்தில் ரங்கூன், பாங்காக், சைகோன் முதலிய துறைமுக நகரங்களில் எழுந்தன. உரலில் குத்திய அரிசியில் தவிடும் முளையும் ஓரளவு ஒட்டியிருக்கும். ஆலையில் தீட்டிய அரிசியோ முத்துப்போல் வெளுத்து, மூட்டையில் நெடுநாள் கெடாமல் கிடக்கும். கப்பலேற்றி விற்பதற்கு அதுவே ஏற்றது. பார்வைக்கு அழகு, விலையும் மலிவு. தோட்டம், சுரங்கம், சிறை, கப்பல், படைமுகாம் என ஆயிரக்கணக்கானோர்க்கு ஒரே இடத்தில் சோறு போட வேண்டிய நிலை வந்த காலமும் அதுவே. சோற்றைத் தவிர வேறொன்றும் பெரிதாகக் கிடைக்காத அம்மக்களுக்கு அரிசியின் குறை உடலின் குறையாயிற்று.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் இந்நோய்க்கு ஆயிரக்கணக்கில் இரையாயினர். இதற்கு மருத்துவர் கூறிய காரணங்கள் பல. சதுப்பு நிலத்தின் நச்சுக்காற்று என்றனர் சிலர். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றனர் சிலர். நஞ்சு கலந்த நீர், குடற்புழு எனப் பிறவும் கூறப்பட்டன. பாஸ்டர், காக் ஆகியோரின் கண்டுபிடிப்புகளால் கிருமிக் கொள்கை உலகை ஆண்ட காலம் அது. ஒரு நோய் பரவுகிறது என்றால் அதற்குக் கிருமி இருந்தே தீர வேண்டும் என்று கற்றோர் நம்பினர். இல்லாமை ஒன்றே நோயைத் தரும் என்னும் எண்ணம் அவர்தம் நூல்களில் இடம்பெறவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்டு பிராடன் வேறு வழியில் சிந்தித்தார். ஒரே மண்ணில், ஒரே மழையில், ஒரே கொசுக்கடியில் மூவினத்தார் வாழ்கின்றனர். சீனர் நோயுறுகின்றனர், கம்பத்து மலாய்க்காரர் பெரும்பாலும் நோயுறவில்லை, தமிழரிடையே நோய் அரிதாகவே காணப்படுகிறது. காற்றும் நீரும் காரணமாயின் இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? பிராடன் சமையற்கட்டை நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. இந்த வேறுபாட்டை எண்களோடு தொகுத்து 1907ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார்.

பிராடன் கண்ட காட்சி சரி; சொன்ன விளக்கம் தவறு. தேங்கிக் கிடக்கும் பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது, புழுக்கினால் அந்நஞ்சு தோன்றுவதில்லை என்று அவர் கருதினார். அரிசியில் எதுவும் கூடவில்லை; அதிலிருந்து ஒன்று நீங்கிவிட்டது என்பதை அவர் உணரவில்லை. ஆயினும் விளக்கம் பிழைபட்டபோதும் அவர் காட்டிய வழி பிழைபடவில்லை. புழுங்கல் அரிசிக்கு மாறியவர் பிழைத்தனர். அறிவியல் வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சி அரிதன்று.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தோட்டத் தமிழர் நல்ல உணவு உண்டு நலமாக வாழ்ந்தனர் என்று எவரும் கருதிவிடலாகாது. மலேரியாவாலும் வயிற்றுக் கடுப்பாலும் சோகையாலும் அவர்கள் மாண்ட கணக்கு நெஞ்சைப் பிளப்பது. சோறும் புளிநீரும் கருவாடுமாக நாள் கழித்தவர் பலர். அத்தனை துன்பத்துக்கு இடையிலும் பெரிபெரி மட்டும் அவர்களைப் பெரிதும் அண்டவில்லை. வங்காளத்திலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த புழுங்கல் அரிசியை அவர்கள் கேட்டு வாங்கி உண்டது ஊரில் பழகிய சுவைக்காகவே. அதன் வாடையைப் பிறர் முகஞ்சுளித்து இகழ்ந்ததும் உண்டு.

நெல்லைப் புழுக்கும் முறையை நம் மாணவருள் பலர் கண்டிருக்கமாட்டார்கள். நெல்லை நீரில் ஊறவைத்து, அண்டாவிலிட்டு அவித்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, அதன் பின்னரே உமி நீக்குவர். தமிழகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்து வந்தனர். நோய்க்கு அஞ்சிச் செய்தாரல்லர். அவித்த நெல்லின் உமி எளிதில் கழலும், குத்தும்போது அரிசி நொறுங்காது, நொய் குறைவு, பூச்சியும் எளிதில் பற்றாது. இவையே அவர்கள் அறிந்த பயன்கள். அவர்கள் அறியாத பயன் ஒன்று அண்டாவுக்குள் நிகழ்ந்தது. நெல்லின் தவிட்டுப் பகுதியிலும் முளையிலும் பி-1 என்னும் உயிர்ச்சத்து தங்கியுள்ளது. தயமின் என்பதும் அதன் பெயரே. அது நீரில் கரைவது. நெல் ஊறி வேகும்போது அச்சத்தில் ஒரு பகுதி மணியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. மாவுப்பொருள் இறுகி அதனைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் ஆலை எவ்வளவு தீட்டினாலும், வீட்டில் பலமுறை களைந்தாலும், முழுதும் போய்விடுவதில்லை. பச்சரிசியிலோ தவிட்டோடு சத்தும் கழிகிறது. எஞ்சியதும் களைநீரோடு போகிறது.

மனித உடல் இச்சத்தை நெடுநாளுக்குச் சேமித்து வைப்பதில்லை. உடலில் இருப்பது ஏறத்தாழ 30 மில்லிகிராம். நாள்தோறும் தேவைப்படுவது சற்றேறக்குறைய 1 மில்லிகிராம். உணவில் அறவே இல்லையெனில் சில வாரங்களில் இருப்புத் தீரும். சோற்றின் மாவுப்பொருளை ஆற்றலாக மாற்றுவதற்கு இச்சத்து வேண்டும். நரம்புக்கும் இதயத்துக்கும் அவ்வாற்றல் இடையறாது தேவை. ஆதலால் அவையே முதலில் வாடுகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதம் வரை செல்பவை. எனவே எரிவு பாதத்தில் தொடங்குகிறது.

மலாயாவுக்கு அண்டையிலுள்ள சாவகத் தீவில் இதே உண்மையின் மற்றொரு நுனி அதற்கு முன்னரே கையில் அகப்பட்டிருந்தது. பத்தாவியாவில் ஆய்வு நடத்திய டச்சு மருத்துவர் எய்க்மான், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். சில மாதங்கள் சென்றபின் அவை தாமாகவே தேறின. காரணம் வேடிக்கையானது. படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறே கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர் சோற்றைப் படையில் இல்லாத கோழிகளுக்குத் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். அதன்பின் மலிவான தீட்டாத அரிசியை உண்ட கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பெயரை அறிவார் இலர். எய்க்மானும் முதலில் நஞ்சு என்றே எண்ணினார். அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ் 1901ஆம் ஆண்டில், தவிட்டோடு நரம்புக்கு வேண்டிய ஒரு பொருள் நீங்கிவிடுகிறது என்று எடுத்துரைத்தார். இல்லாமையே நோய் என்னும் கருத்து அப்போது பிறந்தது.

கோழிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையா? இதனைக் கோலாலம்பூர் காட்டியது. அங்கிருந்த மனநோயாளர் விடுதியில் 1905ஆம் ஆண்டில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. மருத்துவர் வில்லியம் பிளெட்சர் பிராடனின் கருத்தை ஐயத்தோடு நோக்கியவர். அதனைச் சோதித்துப் பார்க்க அவர் துணிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் விடுதியில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றை எண்ணினர் ஒரு கூடத்தில் தங்கி முன்போலவே சயாம் பச்சரிசி உண்டனர். இரட்டை எண்ணினர் எதிர்க்கூடத்தில் தங்கிப் புழுங்கல் அரிசி உண்டனர். ஏனைய உணவு யாவும் ஒன்றே. 1906ஆம் ஆண்டின் இறுதி வரை இது தொடர்ந்தது. பச்சரிசி உண்ட 120 பேருள் மிகப் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேருள் இருவர்க்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

மருத்துவ ஆய்வு முறையின் வரலாற்றில் இச்சோதனை போற்றப்படுகிறது. இன்னாரை இன்ன பகுதியில் வைப்பது என்று மருத்துவர் தாமே தேர்ந்தெடுக்காமல், எண்ணின் போக்குக்கு விட்டமை அதன் சிறப்பு. ஆனால் மாணவர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வரிசையில் நின்ற அம்மக்களை எவரும் இசைவு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடைகூறும் நிலையில் அவர்கள் இல்லை. 18 உயிர்கள் ஒற்றைப்படை எண்ணில் நின்றதனால் போயின எனலாம். பிளெட்சர் கொடியவர் அல்லர். பச்சரிசியே காரணம் என்று முன்கூட்டி அறிந்தவரும் அல்லர். எனினும் அறிவுக்கு விலை கொடுத்தோர் பட்டியலில் பேரறிஞர்க்கு முன் இடம்பெற வேண்டியவர்கள் அவ்வரிசையில் நின்றோரே.

பிளெட்சரைத் தொடர்ந்து, கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், ஆம்புரோஸ் ஸ்டாண்டன் ஆகிய இருவரும் ஆய்வை மேலும் நுணுக்கமாக்கினர். 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அக்கழகம் இன்றும் இயங்குவது. நெகிரி செம்பிலானில் டுரியான் திப்பூஸ் என்னும் காட்டுப்பகுதியில் சாலை அமைக்கச் சென்ற ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை அவர்கள் இரு குழுவாக்கினர். பச்சரிசி உண்ட குழுவில் சுமார் மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. புழுங்கல் அரிசிக் குழுவில் ஒருவரும் நோயுறவில்லை. பின்னர் அரிசியை இடமாற்றினர். முன்பு நலமாக இருந்தோர் இப்போது நோயுற்றனர். மனிதர் அதே மனிதர், காடு அதே காடு. மாறியது அரிசி ஒன்றே. இவ்வாய்வு 1909ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தமிழரின் குருதியில் ஏதோ காப்பு உள்ளது என்ற எண்ணத்துக்கும் இதனால் இடமில்லாமற் போயிற்று. சாவகரும் புழுங்கல் அரிசி உண்டால் தமிழரைப் போலவே காக்கப்பட்டனர்.

பாடநூல்களில் எய்க்மானின் கோழிகளுக்குக் கிடைக்கும் இடம் டுரியான் திப்பூஸ் காட்டுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் 1910ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியையே முதன்மை உணவாக இடைவிடாது உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று ஏற்றுக்கொண்டபோது மலாயாவின் ஆய்வே அதற்குப் பெருந்துணையாக நின்றது. அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1912ஆம் ஆண்டில் காசிமிர் பங்கு என்பார் இத்தகைய சத்துகளுக்கு வைட்டமின் என்னும் பெயரைப் படைத்தார். 1926ஆம் ஆண்டில் சான்சன், டோனத் ஆகிய இருவரும் பத்தாவியாவில் அரிசித் தவிட்டிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். மணிலாவில் இப்பணியைத் தொடங்கிய அமெரிக்க வேதியியலார் இராபர்ட் வில்லியம்ஸ் 1936ஆம் ஆண்டில் அதனைச் செயற்கையாக உருவாக்கினார். தவிடு கொடுத்ததை இப்போது மாத்திரையும் கொடுக்கும்.

தமிழகத்தின் குன்னூரிலும் ஆய்வு தொடர்ந்தது. இராபர்ட் மக்காரிசனும் அவருக்குப்பின் அக்ராய்டும் அங்கே ஊட்டவியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தனர். சென்னை மாகாணத்தின் வடபகுதியாகிய தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி வழக்கில் இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் பரவவில்லை. ஒரே மாகாணத்துக்குள் அரிசியின் எல்லையே நோயின் எல்லையாக அமைந்தது. அக்ராய்டு, கிருஷ்ணன், பாஸ்மோர், சுந்தரராஜன் ஆகியோர் இந்தியாவின் அரிசிச் சிக்கல் பற்றி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இவை விரிவாக ஆராயப்பட்டன.

அடுத்த இரண்டாண்டில் போர் மலாயாவை அடைந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அரிசி இறக்குமதி அருகியது. மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. அக்கிழங்கிலும் இச்சத்து மிகக் குறைவு. மருத்துவ நூல்களுக்குள் அடங்கிவிட்டதாகக் கருதப்பட்ட நோய் மீண்டும் வீடுகளுக்குள் நுழைந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இருப்புப் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். காலராவும் மலேரியாவும் சீதபேதியும் கொன்றவர்களோடு பெரிபெரியால் வீங்கி இறந்தவர்களும் இருந்தனர். நோயின் காரணத்தை உலகுக்குக் காட்டிக்கொடுத்த மக்களின் பிள்ளைகள், கழிவு அரிசியைத் தின்று அதே நோயால் மடிந்தனர். அவர்களை அழைத்துச் சென்றோர்க்கு அந்நோயின் காரணம் தெரியாததன்று. சப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி, 1880களிலேயே மாலுமிகளின் உணவை மாற்றி அப்படையில் பெரிபெரியை ஒழித்திருந்தார்.

சாங்கி முகாமில் அடைபட்ட போர்க்கைதிகளுக்கு மற்றொரு துன்பம் நேர்ந்தது. பாதம் தாங்கமுடியாதவாறு எரிந்தது; இரவெல்லாம் உறங்காமல் உலாவினர்; குளிர்ந்த நீரில் காலை அமிழ்த்தி வைத்தனர். மருந்துகள் இல்லாத அம்முகாமில் மருத்துவர் அரிசித் தவிட்டையும் பச்சைப்பயற்றையும் ஈஸ்ட்டையும் தேடிப் பெற்றனர். மாட்டுக்குப் போடும் தவிடு மனிதனுக்கு மருந்தாயிற்று. இவ்வெரிகால் நோய் தயமின் குறைவால் மட்டும் வருவதன்று. பி வகைச் சத்துகள் பலவும் குன்றும்போது வருவது. தமிழகம் தந்த ஊட்டவியல் அறிஞர் சி. கோபாலன் 1946ஆம் ஆண்டில் இந்நோய் பற்றி எழுதிய கட்டுரையில், பாந்தோதெனிக் அமிலம் என்னும் சத்தைக் கொடுத்தபோது எரிவு தணிந்ததை எடுத்துரைத்தார். அச்சத்தும் தவிட்டிலும் பயற்றிலும் முட்டையிலும் உள்ளதே.

இவற்றைக் கொண்டு இன்றைய கால் எரிச்சல் அனைத்தும் உணவால் தீரும் என்று முடிவு கட்டுதல் பெரும்பிழை. நீரிழிவால் பழுதுற்ற நரம்புக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே முதல் காப்பு. புழுங்கல் அரிசி அங்கே மருந்தன்று. தொழுநோயாலும், மிகுந்த மதுவாலும், பி-12 சத்துக் குறைவாலும், சில மருந்துகளாலும் நரம்பு கெடும். காரணத்தை அறியாமல் வலியை மட்டும் ஆற்ற முனைவது பழைய சுரங்க மருத்துவர்கள் சதுப்பு நிலக் காற்றைப் பழித்ததற்கு ஒப்பாகும். சத்துதானே என்று அளவின்றி விழுங்குவதும் தீங்கே. பி-6 உயிர்ச்சத்தை நாள்தோறும் பேரளவில் உண்டவர்க்கு அதனாலேயே நரம்பு பழுதுற்ற செய்தி 1983ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளிவந்தது. குறையினால் கெடுவது போலவே மிகையினாலும் நரம்பு கெடும். மேலும், குறை நீங்கியவுடன் வலி மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. வீங்கிய பெரிபெரி ஒரு சில நாளில் தணியும். தளர்ந்த இதயம் தயமின் செலுத்திய சில மணி நேரத்திலேயே தேறுவதும் உண்டு. நரம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே மீண்டும் வளர்வது. காலின் நீளத்தை அளந்து பார்த்தால் நோயாளிக்கு எத்தனை மாதப் பொறுமை வேண்டும் என்பது விளங்கும்.

பெரிபெரி உலகை விட்டு நீங்கிவிடவில்லை. லாவோசிலும் கம்போடியாவிலும் இருபத்தோராம் நூற்றாண்டிலும் கைக்குழந்தைகளிடம் அது காணப்பட்டுள்ளது. அங்கே மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குப் பத்தியம் வைக்கும் வழக்கம் உண்டு. வெண்சோறும் உப்பும் சிறிது மீனுமாகப் பல நாள் உண்ணும் தாயின் பாலில் தயமின் மிகக் குறைவாகவே இருக்கும். குழந்தை கொழுகொழுவென்றே இருக்கும். மூன்றாம் மாத அளவில் குரல் கம்மி அழும், மூச்சு வாங்கும். அறிந்த செவிலியர் அருகில் இருந்து ஓர் ஊசி போட்டால் அன்றைக்கே முலைப்பால் குடிக்கும்.